இங்கே லிஃப்ட் ஓடுகிறது

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த பெரியவர்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பாத்து, அக்கா, வலிக்காம குத்துங்க" என்பார். கட்டின புருஷனுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லாததால் அவர் "இந்தாம்மா" என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த உரிமையோடு அக்கா என்று கூப்பிட ஒரே ஒருவன்தான். அவன் கடல் தாண்டிப் போய் அங்கேயே வேலை, பெண்டாட்டி, பிள்ளை என்று வேர் பிடித்துவிட்டான். வாரா வாரம் ஃபோன் பண்ணுவான். அந்த ஃபோன் வந்தாலே அக்காவுக்குத் தலைக்கு ஏற ஆரம்பித்துவிடும்.

ஏறாமல் என்ன செய்யும்? எடுத்த எடுப்பில் "எப்படிக்கா இருக்க?" என்பான். இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஊர்ப் புராணம் தொடங்கிவிடும்.

"எங்க பஸ் ஏழு பன்னெண்டுன்னா ஏழு பன்னெண்டுக்கு வந்து நிக்கும்க்கா. குழாயைத் திறந்து அப்படியே தண்ணி குடிக்கலாம். பக்கத்துத் தெருவுல காலையில ஒரு குழி விழுந்துச்சு. சாயங்காலம் வரேன், குழியைக் காணோம்."

உடனே அக்கா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். "இங்க மட்டும் என்ன குறைஞ்சு போச்சாம்? ரோடெல்லாம் புதுசா போட்டாச்சு. தண்ணி எப்பத் திறந்தாலும் வருது. லிஃப்டு கூட நிக்காம ஓடுது, தெரியுமா?"

வீட்டுக்குள் தன் ஊரை அவள் திட்டாத திட்டு கிடையாது. கவுன்சிலரில் ஆரம்பித்துத் தண்ணீர் லாரிக்காரன் வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைக்கமாட்டாள். ஆனால் தம்பி ஃபோனில் வந்துவிட்டால் போதும், அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்த வக்கீல் மாதிரி ஊருக்காக வாதாடுவாள். அவளுடைய புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். அவர் டவுன் பஸ் டிரைவர். ஏழு பன்னிரண்டு பஸ் விவகாரம் அவருக்குத் தனிப்பட்ட அவமானம்.

"அங்க பஸ் ஓட்டுறவனுக்குக் குறுக்க தள்ளுவண்டி வராது, சொல்லு உன் தம்பிகிட்ட. நடு ரோட்டுல நின்னு கை காட்டுறவன் கிடையாது. என்னை அங்க கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கச் சொல்லு, ஏழு பதினொண்ணுக்கே கொண்டு வந்து நிறுத்துறேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, புகார்ப்பெட்டி" என்பாள் அக்கா, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

புகார்ப்பெட்டி என்பது அவர் ஆயுசுக்கும் சுமக்க வேண்டிய பட்டம். காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் கரண்டு, கொசு, சிக்னல், டிப்போ மேனேஜர் என்று ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் பல் விளக்குவார்.

அக்காவின் வயிற்றெரிச்சல் வேறு. அப்பாவுக்கு மூளையில் அடைப்பு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை சில சொற்கள்தான், அதில் "சரி" ஒன்று, "போ" ஒன்று, "நாற்காலி" ஒன்று. அன்றையிலிருந்து எல்லாம் அக்கா தலையில். விடிவதற்கு முன்னால் எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, லேபுக்கு ஓடி, மத்தியானம் ஓடி வந்து, மறுபடி ஓடி. மகள் வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறாள். டிரைவருக்கு ஷிஃப்ட். நாலாவது மாடி வீடு. லிஃப்ட் பாதி நாள் படுத்துக்கொள்ளும். அது படுக்கிற நாளில் பிசியோதெரபிக்கு அப்பாவை இறக்க ஒரே வழி நாற்காலிதான்.

பழைய மர நாற்காலி. முன்கால் இரண்டிலும் பிடிக்கத் தோதாகத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அப்பாவை அதில் உட்கார வைத்து, இடுப்போடு சேர்த்து இன்னொரு துண்டால் கட்டி, டிரைவர் பின்னால் முதுகுச் சட்டத்தைப் பிடிக்க, முன்னால் ஒரு காலை அக்காவும் இன்னொரு காலை எதிர்வீட்டு டீச்சரும் பிடித்து, பின்பக்கமாகவே படி படியாக இறங்குவார்கள். முதலில் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இப்போதெல்லாம் சுவரில் எவன் கிறுக்கினான் என்று பார்த்துக்கொண்டே வருகிறார்.

அப்பா படுத்தது தம்பிக்குத் தெரியும். இந்த ஓட்டமும் தூக்கலும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சொன்னால் என்ன ஆகும்? "பாத்தியாக்கா, அதான் நான் அங்க வரமாட்டேங்கிறேன்" என்பான். அவள் வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவன் திரும்பி வர வேண்டும். வந்து அப்பாவின் இன்னொரு பக்கத்தைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது அவள் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவன் வழக்கமான புராணத்தை விட்டுவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, எங்க ஆபீஸ் அங்க ஒரு கிளை திறக்குது. பொறுப்பா போறியான்னு என்னைக் கேக்கறாங்க. நான் லீவ் போட்டு வரேன். வந்து நேர்ல எல்லாம் பாத்துட்டு முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

ஃபோனை வைத்ததும் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வந்து பாக்கப் போறானாம். பாக்கட்டும். அவன் ஊரா நம்ம ஊரான்னு இந்தத் தடவை ஒரு கை பாத்திடறேன்."

"ஊரை எங்க கொண்டு போய் மாத்துவ?" என்றார் டிரைவர்.

"ஊரை யாரு மாத்தச் சொன்னா? இந்த வீட்டையும் படிக்கட்டையும் மாத்துனாப் போதும். நீங்க வாயை மூடிட்டு இருங்க. அவன் கிளம்புற வரைக்கும் உங்க வாயிலிருந்து ஒரு குறை வரக்கூடாது."

"அத்தனை நாளா? செத்துப் போயிடுவேன்."

"செத்தா நானே ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்கிறேன்."

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நடந்தது ஒரு படையெடுப்பு. குடியிருப்போர் சங்கச் செயலாளரை அக்கா வீடு தேடிப் போய் உலுக்கி, லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்தாள். எந்தக் காலத்திலோ மாற்றியிருக்க வேண்டிய பாகம் மாற்றப்பட்டு லிஃப்ட் முனகாமல் ஏறி இறங்கியது. வாட்ச்மேனைப் பிடித்து தண்ணீர் மோட்டாரை முன்கூட்டியே போடச் சொன்னாள். படிக்கட்டில் யார் யாருடைய சைக்கிளும் பழைய பெயிண்ட் டப்பாவும் கிடந்ததோ எல்லாம் காணாமல் போயின. நாற்காலி டீச்சர் வீட்டுக்குப் போய், சமையலறை மூலையில் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நின்றது.

இவ்வளவோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா இன்னும் ஒரு படி மேலே போனாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸை அமர்த்தினாள், தம்பி இருக்கிற வரைக்கும் மட்டும். டிரைவருக்கு அது புரியவே இல்லை.

"எதுக்கு இது? நீ படுற பாட்டை அவன் பாக்கட்டுமே."

"பாத்தா பயந்துடுவான். இங்க வந்தா இந்தப் பாடெல்லாம் நம்ம தலையிலன்னு அடுத்த ப்ளேன்லயே ஓடிடுவான். முதல்ல வரட்டுங்க. வந்து காலை ஊன்றட்டும். அப்புறம் மெதுவா பிடிக்கச் சொல்லிக்கலாம்."

லேபில் லீவு போட்டாள். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் பொறாமையாக இருந்தது.

தம்பி வந்தான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தான். லிஃப்ட் அவனை அலுங்காமல் நாலாவது மாடியில் கொண்டுவந்து விட்டது. ஹோம் நர்ஸ் இஸ்திரி போட்ட உடையில் அப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவனோடு டீ குடித்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து டீ குடித்ததை அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார்.

டிரைவர் பட்ட பாட்டைத்தான் சொல்லி முடியாது. ஷிஃப்ட் முடிந்து வியர்வை சொட்ட வருவார். வாய் தானாகத் திறக்கும். அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். "இன்னைக்கு டிராஃபிக்..." என்று ஆரம்பித்தவர், "...ரொம்ப கலகலப்பா இருந்துச்சு" என்று முடிப்பார். ஒரு சாயங்காலம் கரண்டு போய்விட்டது. அக்கா அசரவில்லை. "அப்பா கண்ணு கூசுதுன்னு நான்தான் விளக்கை அணைக்கச் சொன்னேன்" என்றாள். விளக்கு சரி, மின்விசிறி ஏன் நின்றது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. பால்கனியில் போய் நின்றுகொண்டு, "என்ன ஒரு அமைதி" என்றான். உள்ளே இருட்டில் டிரைவர் பல்லைக் கடித்தது அக்காவுக்குக் கேட்டது.

அப்பாவைக் காட்ட அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனார்கள். வாசலிலிருந்து டாக்டர் அறை வரைக்கும் "வாங்கக்கா, வாங்கக்கா" என்று வழி விட்டார்கள். வரிசை என்கிற பேச்சே இல்லை. தம்பி அசந்து போனான்.

"அங்க இந்த மாதிரி டாக்டரைப் பாக்கணும்னா மாசக்கணக்குல காத்திருக்கணும்க்கா. எனக்கு முதுகு வலி வந்து, தேதி கிடைக்கறதுக்குள்ள வலியே சலிச்சுப் போய் நின்னுடுச்சு."

அக்கா மனசுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொண்டாள். பிறகு அவனே ஒவ்வொன்றாகக் கொட்ட ஆரம்பித்தான். குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடுமாம். பிள்ளை வீட்டுக்குள் ஓடினால் கீழ்வீட்டுக்காரன் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவானாம், நேரில் பேசமாட்டானாம். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லையாம். இத்தனை வருஷம் ஃபோனில் அளந்ததில் இதெல்லாம் எங்கே போயிற்று என்று அக்கா கேட்கவில்லை. கேட்க வாய் அரித்தது. ஜெயிக்கிற நேரத்தில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள். மகளின் அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிடலாம், அப்புறம் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்று அவள் மனக்கணக்கு ஓடியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவன் தட்டை ஒதுக்கி வைத்தான்.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன்."

கரண்டி அக்கா கையிலேயே நின்றது.

"நான் பயந்துக்கிட்டேதான் வந்தேன். அப்பாவை வச்சுக்கிட்டு நீ ஒத்தையா கஷ்டப்படுறியோன்னு. ஃபோன்ல நீ சொல்றதெல்லாம் என்னை சமாதானப்படுத்தத்தான்னு நினைச்சேன். அப்படி இருந்தா பேசாம வந்துடலாம்னுதான் இருந்தேன். நேர்ல பாத்தா நீ சொன்னது அத்தனையும் நிஜம். அப்பாவுக்கு நர்ஸ் இருக்கு, டாக்டர் இருக்காங்க, நீயும் நல்லா இருக்க. மனசு நிம்மதியாயிடுச்சு. பிள்ளைக்கும் அங்க பள்ளிக்கூடம் பழகிடுச்சு. அங்கேயே இருந்துடறோம். மத்தியானமே ஆபீஸ்ல சொல்லிட்டேன், வேற ஆளைப் போட்டுட்டாங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "நல்லதுப்பா" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே டிரைவர் வெடித்தார். "இப்பவாவது போய்ச் சொல்லித் தொலை."

"என்னன்னு சொல்றது? இவ்வளவு நாள் நாடகம் ஆடினேன்னா? அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நீ அவனை ஊரைக் காட்டிக் கூப்பிட்ட. அவன் உன் கஷ்டத்துக்காகத்தான் திரும்பி வரலாம்னு இருந்திருக்கான்."

அக்கா பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அவன்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்? அழலாம் என்றால் ஹால் வரைக்கும் கேட்கும்.

காலையில் ஹோம் நர்ஸ் கணக்கை முடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனாள். அதுதான் லிஃப்டின் கடைசிப் பயணம். அவளைக் கீழே விட்டுவிட்டு, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் வந்து அது நின்றுவிட்டது. வாட்ச்மேன் கீழேயிருந்து தட்டிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

"பரவாயில்லக்கா, இத்தனை நாள்ல இன்னைக்குத்தானே நின்னிருக்கு" என்று சிரித்துக்கொண்டே தம்பி பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தான். குனிந்து அப்பாவின் காலைத் தொட்டான். "நான் போயிட்டு வரேம்ப்பா. நீங்க மேலயே இருங்க."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து மகனை வண்டி ஏற்ற வேண்டும் அவருக்கு. இடது கையால் கட்டிலைத் தட்டினார். "நாற்காலி" என்றார்.

"என்ன நாற்காலி?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல, நீ கிளம்பு, நேரமாச்சு" என்றாள் அக்கா.

"நாற்காலி" என்றார் அப்பா இன்னும் பலமாக. எதிர்வீட்டுக் கதவு தானாகத் திறந்தது. அந்த வார்த்தை கேட்டால் கிளம்பிவிடுவது டீச்சருக்குப் பழக்கம். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் தம்பி நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டிரைவர் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை வாங்கிக் கட்டிலோரம் போட்டார். அப்பா இடது கையை அக்கா கழுத்தில் போட்டார். அக்கா அவர் இடுப்பில் கை கொடுத்தாள். ஒரே சுழற்சியில் அவர் நாற்காலியில் இருந்தார். துண்டு முடிச்சு விழுந்தது. "ரைட்" என்றார் டிரைவர். மூவரும் தூக்கினார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகைப் படிப் பக்கம் காட்டி, பின்னால் கால் வைத்து இறங்க ஆரம்பித்தாள்.

தம்பி வாசலில் நின்று பார்த்தான். துண்டு சுற்றிய இடம் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அக்காவின் கால் பார்க்காமலே படியைத் தேடி வைத்தது. ஒரு மாடி இறங்கிய பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. ஓடி வந்து டீச்சர் பிடித்திருந்த காலை வாங்கிக்கொண்டான்.

"பின்னால நடக்கணும், பாத்து" என்றாள் டீச்சர். "திருப்பத்துல உங்க பக்கம் தணியணும். தணிங்க. இன்னும்."

திருப்பத்தில் அவனுக்குக் கால் இடறியது. நாற்காலி அவன் பக்கம் சாய்ந்தது. அக்கா முழங்காலைக் கொடுத்து முட்டுக் கொடுத்தாள். சேலை விலகியதில், அவள் முழங்காலில் அதற்கென்றே ஒரு கறுத்த தழும்பு இருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

கீழே வந்து இறக்கி வைத்தபோது அவன் சட்டை நனைந்துவிட்டது. டாக்சிக்காரன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு காலமா?" என்றான் தம்பி.

"லிஃப்ட் நிக்கறப்பல்லாம்."

"அந்த நர்ஸ்?"

"உனக்காக வச்சது."

அவன் முகம் சிவந்தது. "ஏன்க்கா சொல்லல? வாரா வாரம் எப்படி இருக்கன்னு கேட்டேனே. நாட்டைப் பத்தியா கேட்டேன்? உன்னைத்தானே கேட்டேன்."

"எங்கடா கேட்ட?" அக்காவுக்குக் குரல் கிளம்பிவிட்டது. தெருவே பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டது. "எப்படி இருக்கன்னு கேட்டுட்டு அடுத்த மூச்சுல உன் பஸ்ஸைப் பத்திச் சொல்லுவ. குழாயைப் பத்திச் சொல்லுவ. குழி மூடினதைச் சொல்லுவ. அதுக்கு நடுவுல நான் என்ன சொல்றது? அப்பாவை நாற்காலியில கட்டித் தூக்கிட்டு இறங்குறேன்னா? நீ சொன்ன பஸ்ஸுக்கு நான் ஒரு லிஃப்டைச் சொன்னேன். நீயும் தோக்கல, நானும் தோக்கல. இந்தா, அப்பா இங்க உட்கார்ந்திருக்கார்."

"நேத்து ராத்திரியாவது சொல்லியிருக்கலாம்."

"மத்தியானமே வேண்டாம்னு சொல்லிட்டு வந்து ராத்திரி எங்ககிட்ட சொன்னவன் நீ."

டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். தம்பி நாற்காலியைத் தொட்டு, "மேலே ஏத்திட்டுப் போறேன்" என்றான்.

"ப்ளேன் போயிடும், மச்சான்" என்றார் டிரைவர். "அது நம்ம ஊர் பஸ் இல்ல, நிக்காது." அத்தனை நாளில் தம்பி முன்னால் அவர் சொன்ன முதல் குறை அதுதான். யாரும் சிரிக்கவில்லை.

"போ" என்றார் அப்பா. அவன் போனான். வண்டி தெருமுனையில் குழியில் இறங்கி ஏறித் திரும்பும் வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்குவதைவிட ஏற்றுவது கஷ்டம். டிரைவர் மேலே நின்று பின்பக்கமாக ஏற, அக்காவும் டீச்சரும் கீழேயிருந்து தூக்கித் தள்ள வேண்டும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் இளைப்பாற இறக்கி வைத்தபோது அக்காவின் ஃபோன் அடித்தது. டீச்சர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அப்பா மடியில் வைத்தாள்.

"அக்கா, மேல போயிட்டீங்களா?"

லிஃப்ட் சரியாகிவிட்டது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம் அப்படி. அக்கா அதை விழுங்கினாள்.

"இல்லடா. மூணாவது மாடியில நிக்கிறோம். கை விட்டுப் போகுது. முழங்கால் வலிக்குது. இன்னும் ஒரு மாடி இருக்கு. இதை முடிச்சிட்டு நான் லேபுக்கு ஓடணும்."

அவன் அங்கே எப்படி என்று சொல்லவில்லை, இங்கே எப்படி என்றும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் அப்பா மடியிலிருந்து வந்தது. அப்பா குனிந்து ஃபோனைப் பார்த்தார்.

"அழுறதை நிறுத்துடா" என்றாள் அக்கா, துண்டு சுற்றிய காலை மறுபடி பிடித்துக்கொண்டு. "அழுதா நாற்காலி ஏறாது."

மேலேயிருந்து டிரைவர் "ரைட்" என்றார். மூவரும் தூக்கினார்கள்.